பல் வலியும் பாலிசியும்

(நமது சங்கத்தின் டிராம்பே கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"முதுமையும் ஆரோக்கியமும்" என்று பேசச் சொல்லி கிளைச் செயலாளர் உத்தரவு. அது பெரிய சப்ஜெக்ட். நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல் பார்த்தவன், டாக்டர் அல்ல. ஆகவே தலைப்பை ஒரு பல்லின் அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறேன். பல் போனால் சொல் போச்சு என்ற பழமொழியை இங்கே எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். சொல்லியாகிவிட்டது, மேலே போவோம்.

என் தமக்கைக்கு வயது 79. அத்திம்பேர் காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்கென்று கொஞ்சம் வட்டி வருமானம் உண்டு. அது விதிப்படி வரம்பைத் தாண்டுவதால் என் சி.ஜி.எச்.எஸ். அட்டையில் அவளைச் சேர்க்க வழியில்லை. அதனால் தன் பணத்திலேயே வருஷா வருஷம் ஒரு மெடிக்ளெய்ம் பாலிசி கட்டி வருகிறாள்.

சென்ற வருஷம் ஆடி மாதம் அவளுடைய விரதங்கள் கூடிக்கொண்டே போயின. ஏகாதசி எப்போதும் உண்டு. அப்புறம் பிரதோஷம், சஷ்டி, சங்கடஹர சதுர்த்தி. மற்ற நாட்களிலும் குழைந்த மோர்சாதம்தான். அக்காவுக்கு வைராக்கியம் வந்துவிட்டது என்று நானும் என் மனைவியும் பெருமையாகவே பேசிக்கொண்டோம். ஒரு நாள் காலையில் இடது தாடை வீங்கியிருந்தது. கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லடா, கிராம்பு வெச்சிண்டிருக்கேன்" என்றாள். மனைவி விடாமல் கேட்ட பிறகு வந்தது நிஜம். இரண்டு மாதமாகப் பல் வலி. அதிலும் வலி "தானாவே போயிடுத்து" என்று நடுவில் பத்து நாள் நிம்மதியாக இருந்தாளாம்.

அந்தப் பத்து நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான். பல்லின் மேலே இருக்கும் எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதில் உயிரணு கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும், எனாமல் அரித்துப் போனால் திரும்ப வளராது. அதற்குள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள கூழ் போன்ற பகுதி இருக்கிறது. வேறெங்காவது புண் வந்தால் வீங்க இடம் இருக்கும். பல்லுக்குள் நாலா பக்கமும் கெட்டிச் சுவர். வீங்க இடமில்லாமல் அழுத்தம் ஏறுவதால்தான் அத்தனை வலி. ஒரு கட்டத்தில் அந்தக் கூழ் செத்துவிடும். வலி நிற்கும். குணமாகிவிட்டதென்று நாம் நினைத்துக்கொள்வோம். கிருமியோ வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குப் போய்க்கொண்டிருக்கும். செத்துப்போன பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாடிக் மாத்திரையும் உள்ளே எட்டாது. சீழை வெளியேற்றி, வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். மாத்திரை தவணைதான் வாங்கித் தரும்.

அன்று மாலையே செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். எக்ஸ்ரே எடுத்து, எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். மொத்தம் 1,38,000 ரூபாய். அக்காவின் ஒன்பது மாத வருமானம். "மருந்து எழுதிக் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன். மறுநாள் பாலிசி காகிதங்களோடு இன்ஷூரன்ஸ் ஆபீஸ்.

1986-ல் பொதுத்துறைக் கம்பெனிகள் மெடிக்ளெய்ம் கொண்டுவந்தபோதே அது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிறவர்களுக்கான ஏற்பாடு. பல் சிகிச்சை, விபத்தில் அடிபட்டு அட்மிட் ஆனால் ஒழிய, விலக்கப்பட்ட இனம். இப்போது சில கம்பெனிகள் வெளிநோயாளி செலவுக்குத் தனிப் பிரிவு சேர்த்துத் தருகின்றன; அதிலும் உச்சவரம்பு, காத்திருப்புக் காலம் எல்லாம் உண்டு. எழுபது வயது தாண்டிய அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் என்று 2024 அக்டோபரில் தொடங்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதுவும் உள்நோயாளிக்கே; நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்துகொள்ளும் வேர் சிகிச்சைக்கு உதவாது.

தெரிந்தவர் ஒருவர் காதோடு காதாகச் சொன்னார்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு எழுதிடுங்கோ சார்." நான் வீட்டில் வந்து சொன்னேன்; சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. அக்கா தாடையைப் பிடித்துக்கொண்டே, "பல்லே விழலை, நான் எங்கடா விழுந்தேன்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்படி மூன்று நாள் போயிற்று. நான் பாலிசியின் சரத்துக்களைப் படித்துக்கொண்டிருந்த மூன்று நாளில் சீழ் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் இரவு ஜுரம். வாய் முழுவதும் திறக்கவில்லை. கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர் நுனி நாக்கின் அடித்தளத்துக்கும் கீழே போவதுண்டு. அங்கே சீழ் பரவினால் நாக்கை மேலே தள்ளி மூச்சுக் குழாயையே அடைத்துவிடக் கூடும். இதை 1836-லேயே லுட்விக் என்ற ஜெர்மானிய டாக்டர் விவரித்திருக்கிறார்; வியாதிக்கு இன்றும் அவர் பெயர்தான். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஆபத்து கூடுதல். அக்காவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை.

தூக்கம் வராமல் அந்த எஸ்டிமேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் வரி: கெட்ட பல்லை எடுத்துச் சீழை வெளியேற்ற 3,500 ரூபாய். அதற்குக் கீழே இரண்டு பல்லுக்கு வேர் சிகிச்சை, மேலே போடும் உறை, இம்ப்ளான்ட் இரண்டு. முதல் வரிக்கு நேராக டாக்டர் "உடனே" என்றும் எழுதியிருந்தார். ஃபைல் பார்த்தே பென்ஷன் வாங்கினவன், கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் சங்கதி பணக்கார தேசங்களுக்கும் பொது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் 1965-ல் வந்தபோதே சாதாரணப் பல் சிகிச்சையை ஒதுக்கி வைத்தார்கள். அங்கே மேரிலாந்து மாநிலத்தில் 2007-ல் 12 வயதுப் பையன் ஒருவன் சொத்தைப் பல்லின் கிருமி மூளைக்கு ஏறி இறந்துபோனான்; எண்பது டாலரில் பிடுங்கியிருக்கக் கூடிய பல் என்று பத்திரிகைகள் எழுதின. இங்கிலாந்தில் 1948-ல் எல்லா வைத்தியமும் இலவசம் என்று ஆரம்பித்தார்கள். பல் செட்டுக்குக் கூட்டம் தாங்காமல் 1951-ல் கட்டணம் வைத்தபோது, அத்திட்டத்தைக் கொண்டுவந்த பெவன் மந்திரி பதவியையே ராஜினாமா செய்தார். பல்லுக்காக ஒரு மந்திரி பதவி விலகியது எனக்குத் தெரிந்து அந்த ஒன்றுதான்.

மறுநாள் விடியற்காலை மான்கூர்டில் ஹார்பர் லைன் பிடித்து, அக்காவை நேரே சி.எஸ்.எம்.டி.க்கு அழைத்துப் போனேன். செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. அரசாங்க ஆஸ்பத்திரியா என்று எனக்கே உள்ளூரத் தயக்கம்; சர்க்கார் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவனுக்கு இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்ததோ! கேஸ் பேப்பர் எடுக்க வரிசை நீளம். ஆனால் வீக்கத்தைப் பார்த்தவுடன் வரிசையிலிருந்து தனியே கூப்பிட்டுவிட்டார்கள். சர்க்கரை அளவு பார்த்து, பேராசிரியர் பக்கத்தில் நிற்க, மேல்படிப்பு படிக்கும் ஒரு பெண் சீழை வெளியேற்றிப் பல்லை எடுத்தாள். "ஆஜி, தோண்ட் உகடா" என்று மராட்டியில் கொஞ்சிக் கொஞ்சி வாயைத் திறக்க வைத்தாள். கட்டணம் அன்றைய எங்கள் டாக்ஸிச் செலவைவிடக் குறைவு.

இரண்டு வேர் சிகிச்சையும் அங்கேயேதான். தனியாரிடம் இரண்டு தடவையில் முடிவது அங்கே ஆறு தடவை ஆயிற்று. மாணவர்கள் மெதுவாகச் செய்கிறார்கள், ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் வந்து பார்க்கிறார். ஓய்வு பெற்றவனுக்கு நேரம்தானே மலிவு. இம்ப்ளான்ட் வேண்டாம், கழற்றி மாட்டும் பல் போதும் என்று அக்காவே தீர்மானித்தாள்.

நம் டிராம்பேயில் பாதிப் பேர் அணுசக்தித் துறை, அவர்களுக்கு சி.எச்.எஸ்.எஸ். இருக்கிறது. சி.ஜி.எச்.எஸ். அட்டைக்காரர்கள் பல் எடுக்க, வேர் சிகிச்சைக்கு, பல் செட்டுக்கும் அதைப் பயன்படுத்தலாம், பலர் செய்வதில்லை. அட்டை இல்லாதவர்களுக்கு மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. பத்திரிகையில் இதைப் படிக்கும் வெளியூர் அன்பர்களுக்கு: சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகில், பெங்களூரில் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில், டில்லியில் மௌலானா ஆசாத் நிறுவனம், கல்கத்தாவில் 1920-ல் டாக்டர் ரஃபியுதீன் அகமது ஆரம்பித்த, நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் கையில் இருக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, ஜுரமோ, விழுங்கச் சிரமமோ இருந்தால் பல் டாக்டருக்குக் கூடக் காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்கே போய்விட வேண்டும்.

தனியாகப் போகத் தயங்கும் பெரியவர்களுக்குத் துணையாக வர, நம் கிளையில் நானும் இன்னும் இரண்டு பேரும் தயாராக இருக்கிறோம். காபி வருவதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். அக்கா பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். சந்தேகமிருந்தால் அவளையே கேட்கலாம். இப்போதெல்லாம் மாதத்துக்கு இரண்டு ஏகாதசி மட்டும்தான் இருக்கிறாள்.