அசையாத மணை

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஆயினும் நாள்தோறும் நம் கைவிரல்களோடு தொடர்புடையது. காய்கறி நறுக்கும் கத்தியின் கூர்மையைக் காப்பதற்கென இப்போது பலர் வாங்கும் சாணைக்கருவிக்கு அசையாத அடித்தளம் ஒன்றை எப்படி அமைப்பது என்பதே அது.

கூர்மையான கத்திதான் கையை வெட்டும் என்று பலர் அஞ்சுகின்றனர். மழுங்கிய கத்தியே அதனினும் அஞ்சத்தக்கது. அது தக்காளியின் தோலில் இறங்காமல் வழுக்கும்; இறங்கச் செய்ய நாம் மேலும் அழுத்துவோம்; அழுத்திய வேகத்தில் விரலில் பாயும். ஊரை விட்டு வந்து, மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ தங்கும் முதிய தாய்மார்க்கு இந்த இடர் மிகுதி. ஏனெனில், வாழ்நாளெல்லாம் அவர்கள் பழகியது கத்தியை அன்று, அரிவாள்மணையை.

அரிவாள்மணையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதில் அலகு நகர்வதில்லை, காய்தான் நகர்கிறது. அலகு மணையில் பதிந்திருக்க, மணையை உட்கார்ந்திருப்பவரின் கால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஆளின் எடையே அதற்கு அடித்தளம். கன்னடத்தில் இதனை ‘ஈளிகெ மணெ’ என்கின்றனர்; மணை என்னும் சொல் அங்கும் இங்கும் ஒன்றே. சாணைக்கும் கன்னடத்தில் ‘சாணெ’ என்றே பெயர். மராத்தியரின் ‘விளி’யும் வங்காளியரின் ‘பொண்ட்டி’யும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வுறவு இனிக்கிறது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் சமையல் மேடையில் நின்றுகொண்டு சமைக்கும்போது மணை மறைந்துவிட்டது. அலகு கையில் தனித்து நிற்கிறது.

முன்னெல்லாம் தெருவில் சக்கரத்தோடு சாணை பிடிப்பவர் வருவார். இன்று பெரிய குடியிருப்புகளின் வாயிலைத் தாண்டி அவர் குரல் உள்ளே வருவது அரிது. ஆகவே பலர், வழிகாட்டித் தண்டு உள்ள சாணைக்கருவியை வாங்குகின்றனர். இதில் ஒரு பிடிப்பான் கத்தியைப் பற்றிக்கொள்ளும். எதிரே ஒரு சிறு தூண் நிற்கும். தூணிலுள்ள துளை வழியே ஒரு தண்டு முன்னும் பின்னும் ஓடும். அதன் நுனியில் தீட்டுக்கல் இருக்கும். கை நடுங்கினாலும் கல் ஒரே கோணத்தில் அலகைத் தீண்ட வேண்டும் என்பதே இதன் நோக்கம். வீட்டுக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரை பொருந்தும்.

இங்கே ஒன்றை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். கோணத்தைக் காப்பது தண்டு மட்டும் அன்று. பிடிப்பானையும் தூணையும் இணைத்து நிறுத்தும் அடித்தளமும் சேர்ந்தே காக்கிறது. துளையிலிருந்து அலகின் விளிம்பு வரை 20 செ.மீ. என்று கொள்வோம். உயர வேறுபாடு சுமார் 5.2 செ.மீ. இருந்தால் கோணம் 15 டிகிரி ஆகும். மெல்லிய பலகை வளைந்து அந்த உயரம் 3 மி.மீ. மாறினால், கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறிவிடும். ஒவ்வோர் இழுப்பிலும் இப்படி மாறினால், இரு சமதளங்கள் சந்திக்கும் கோடாக அமைய வேண்டிய விளிம்பு உருண்டு போகும். கல் நல்லது, கருவி விலை உயர்ந்தது, உழைப்பும் குறைவில்லை. ஆயினும் கத்தி வெட்டாது.

இது ஒரு குறை. கருவி முழுவதும் சாய்வதும் வழுக்குவதும் மற்றொரு குறை. முழுக்கருவியும் ஒன்றாக ஆடும்போது கோணம் மாறாமலிருக்கலாம். ஆனால் கல் துள்ளி அலகை விட்டு விலகும். கையும் அலகின்மேல் விழக்கூடும். ஆகவே அடித்தளம் வளையவும் கூடாது, சாயவும் கூடாது.

இயந்திரத் தொழிலில் இது பழைய பாடம். கடைசல் இயந்திரத்தின் நுட்பமெல்லாம் அதன் கனத்த வார்ப்பிரும்புப் படுகையைச் சார்ந்தது. பெங்களூரின் ஜாலஹள்ளியில் 1953-இல் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் ஆலையில் உருவான கடைசல் இயந்திரங்களுக்கும் இதுவே விதி. நுண்ணளவு பார்க்கும் கூடங்களில், தேய்த்துச் சமமாக்கிய கருங்கற் பலகையின் மேல் பொருளை வைத்தே அளக்கின்றனர். கல் துருப்பிடிப்பதில்லை, எளிதில் வளைவதுமில்லை.

கல்லுக்கோ இவ்வூரில் பஞ்சமில்லை. லால்பாகில் கெம்பேகவுடரின் கோபுரத்தைத் தாங்கி நிற்கும் பாறையைக் கண்டிருப்பீர்கள். அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் என்பவர் 1916-இல் இவ்வகைப் பாறைக்குத் ‘தீபகற்ப நைஸ்’ என்னும் பெயரைச் சூட்டினார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை லால்பாகுப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. அந்தப் பாறையில் நாம் கை வைக்கலாகாது. ஆனால் நகருக்குத் தெற்கே ஜிகணியில் கல் அறுக்கும் தொழிற்கூடங்கள் பல உள்ளன. சமையல் மேடைக்கென அறுத்தபின் எஞ்சும் வெட்டுத் துண்டே நமக்குப் போதும்.

30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் 4 செ.மீ. கனமும் உள்ள துண்டு ஏறத்தாழ ஆறரைக் கிலோ எடை இருக்கும். அதே அளவுள்ள மரப்பலகை ஒன்றரைக் கிலோ அளவே இருக்கும். கத்தியின் முனை பலகையின் விளிம்புக்கு வெளியே 10 செ.மீ. நீண்டிருக்க, அதன்மேல் நாம் 2 கிலோ அழுத்தம் கொடுப்பதாகக் கொள்வோம். சாய்க்கும் ஆற்றல் 2-ஐப் பத்தால் பெருக்க 20. தாங்கும் ஆற்றல் கல்லுக்கு 65, மரத்துக்கு 15. மரம் சாயும், கல் அசையாது. மேலும், மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும். தீட்டும்போது தெளிக்கும் நீரால் கல்லுக்கு அத்தகைய கேடில்லை.

அமைக்கும் முறையைக் கூறுவோம். கருவியின் துளைகளைக் காகிதத்தில் படியெடுத்து, கல் அறுப்பவரிடமே அவ்வண்ணம் துளையிட்டுத் தரச் சொல்லுங்கள். விளிம்புகளையும் மழுக்கித் தரச் சொல்லுங்கள். போல்ட்டைக் கீழிருந்து செலுத்தி, வாஷர் இட்டு முடுக்குங்கள். அளவுக்கு மிஞ்சி முடுக்கினால் கல் பிளக்கும். அடியில் ரப்பர்ப் பாதங்கள் மூன்று போதும். நான்கு கால்கள் சமமற்ற மேடையில் ஆடும். மூன்று கால்கள் எங்கும் ஆடா. அம்மூன்றில் இரண்டு, கத்தி நீண்டிருக்கும் பக்கத்தின் விளிம்பை ஒட்டி இருக்கட்டும். போல்ட்டின் தலை மேடையைத் தொடாத அளவுக்குப் பாதம் உயரமாக இருக்க வேண்டும்.

இனிச் சோதனை. அலகின் சரிவில் மார்க்கர் மையைத் தடவி, கல்லை இரண்டு முறை மெல்ல இழுங்கள். மை விளிம்பு வரை ஒரே சீராக அழிந்தால் கோணம் சரி. ஓரிடத்தில் அழிந்து ஓரிடத்தில் நின்றால், கல்லைக் குறை கூறும் முன் திருகாணிகளையும் பாதங்களையும் பாருங்கள்.

கல்லைத் தூக்கும்போது இரு கைகளாலும் தூக்குங்கள். மேடையின் ஓரத்தில் வையாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பெங்களூருக்கு அப்பால் வாழும் நேயர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. மும்பையில் கடப்பைக் கல்லும் தில்லியில் கோட்டாக் கல்லும் இப்பணிக்கு உதவும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். எழுபது வயதில் புது ஊரும் புது மொழியும் பழகும் ஒரு தாய்க்கு, சமையலறையாவது அச்சம் தராத இடமாக இருக்க வேண்டும். கூர்மையான கத்தி சிறிது அழுத்தத்திலேயே வெட்டும். தளர்ந்த கைக்கும் அது பணியும். வெண்டைக்காயை வெட்டிக்கொண்டே அவர் பேரனிடம் ஊர்க்கதை சொல்லலாம்.