நிறுத்தினால் நிற்போம், அடித்தால் கேட்போம்

(கனகம்மாசத்திரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் கூலி உயர்வைப் பற்றிப் பேச வரவில்லை. நிலத்தைப் பற்றியும் பேச வரவில்லை. நம் ஊரை ஊடறுத்துக்கொண்டு போகிறதே சென்னை–திருப்பதி ரஸ்தா, அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இரவு ஷிப்டு முடிந்து கண் எரிய வண்டி ஓட்டி வருகிற பிள்ளை இந்த ரஸ்தாவில்தான் வருகிறான். நாற்று நடப் போகும் பெண்கள் விடியுமுன் சின்ன லாரியில் நின்றுகொண்டு இதே ரஸ்தாவில்தான் போகிறார்கள். திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டரும், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போகிற காவடியும் இதே வழிதான். அந்த ரஸ்தாவில் ஒரு கை நீள்கிறது. "நிறுத்து!" என்று ஒரு குரல் கேட்கிறது. அதற்குப் பிறகு வருகிற ஐந்து நிமிஷம்தான் இன்றைக்கு நம் விஷயம்.

ஐந்து நிமிஷத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உயிர் இருக்கிறது, தோழர்களே.

நூறு ரூபாய்க் குற்றம்

2018 மார்ச் 7-ந் தேதி இரவு. திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடி. தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். ஹெல்மெட் சோதனை நடக்கிறது. வண்டி நிற்காமல் போகிறது. இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்திக்கொண்டு போய், ஓடுகிற வண்டியை எட்டி உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. இருவரும் விழுந்தார்கள். மனைவி இறந்துபோனார். ஆத்திரம் கொண்ட ஜனங்கள் திருச்சி–தஞ்சாவூர் ரஸ்தாவை மறித்து உட்கார்ந்தார்கள். கல் பறந்தது; தடியடி நடந்தது. இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார்.

அன்றைக்கு ஹெல்மெட் போடாத முதல் குற்றத்துக்குச் சட்டம் விதித்த அபராதம் எவ்வளவு தெரியுமா? நூறு ரூபாய்! வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு மறுநாள் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும் காரியம் அது.

2021 ஜூன் 22. சேலம் மாவட்டம், பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடி. கொரோனாக் காலம். சேலத்தில் மதுக்கடை மூடியிருக்கிறது. பக்கத்துக் கள்ளக்குறிச்சிக்குப் போய்க் குடித்துவிட்டுச் சிலர் திரும்புகிறார்கள். அவர்களில் ஒருவர் கிராமத்தில் கடை வைத்துப் பிழைத்தவர். சாவடியில் வாக்குவாதம் முற்றுகிறது. சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் தடியால் அடிக்கிறார். கூட இருந்தவர்கள் கும்பிட்டுக் கெஞ்சுகிறார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் அந்த மனிதர் இறந்தார். ஒருவர் செல்போனில் படம் பிடித்திருந்ததால் நாடே அதைப் பார்த்தது. அடித்தவர் கைதானார்.

குடித்திருந்தது சரியா? சரியல்ல. வாய்க்கு வாய் பேசியது சரியா? அதுவும் சரியல்ல. ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன தண்டனை என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது: அபராதம், சிறை. தடியடி என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. அந்தத் தண்டனையைக் கொடுக்க வேண்டியவர் கோர்ட்டில் இருக்கிற மாஜிஸ்திரேட். நடுரோட்டில் நிற்கிற போலீஸ்காரர் அல்ல.

எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் நாம் மறக்க முடியாது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடு மாறியது. ஆனால் இரு பக்கத்து ஏழைகளும் பிழைப்புக்காகக் கோட்டைத் தாண்டுவது மாறவில்லை. 2015 ஏப்ரல் 7-ந் தேதி திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸார் சுட்டதில், செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லப்பட்ட இருபது தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் மாண்டார்கள். அவர்களில் சிலரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்று உயிர் பிழைத்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். காட்டில் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றார்கள் போலீஸார். எது உண்மையானாலும், ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஒருவரை இறக்கும்போது, "ஏன், எங்கே" என்று பக்கத்து ஸீட்டுக்காரர் கேட்க வேண்டும் என்ற பாடம் அதில் நமக்கு இருக்கிறது.

இந்தத் தடி எங்கிருந்து வந்தது?

இது நேற்று முளைத்த வியாதியல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கிற கையும் திருடனைப் பிடிக்கிற கையும் ஒன்றாகவே இருந்தன. வரி கட்டாத குடியானவனையும் அடித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லியும் அடித்தார்கள். ஊரெல்லாம் புகார் எழுந்தது. 1855-ல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. சித்திரவதை நடப்பது உண்மை என்று கம்பெனி சர்க்காரின் கமிஷனே ஒப்புக்கொண்டது. அந்த அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு 1857-ல் காரல் மார்க்ஸ் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். லண்டனில் இருந்த அவருக்கு நம் குடியானவன் முதுகில் விழுந்த அடி கேட்டது!

அதற்குப் பிறகு 1859-ல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூலும் போலீஸும் பிரிக்கப்பட்டன. ஆனால் ஜனங்களைக் கண்டால் அதட்டு, பயப்படுத்து என்ற பழக்கம் பிரியவில்லை. சுதந்திரம் வந்தது, தொப்பி மாறியது, அதட்டல் அப்படியே தங்கிவிட்டது.

போலீஸ்காரரும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான்

இப்போது நாம் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் தார் ரோட்டில் நிற்கிற அந்தக் கான்ஸ்டபிள் யார்? ஜமீன்தார் மகனா? இல்லை. நம் போன்ற வீட்டில் பிறந்து, பரீட்சை எழுதி, ஓடிக் காட்டி வேலைக்குப் போன பிள்ளை. இத்தனை கேஸ் பிடி என்று மேலேயிருந்து எண்ணிக்கை கேட்கிறார்கள் என்று அவர்களே முணுமுணுக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று அவர்களுக்குத் தமிழக சர்க்கார் உத்தரவு போட்டதே 2021 நவம்பரில்தான். நம்மைப் போல் சங்கம் வைத்துப் பேசலாமா என்றால், சர்க்கார் அனுமதி இல்லாமல் கூடாது என்று 1966-ஆம் வருஷத்துச் சட்டம் கையைக் கட்டியிருக்கிறது.

அவர்கள் உயிருக்கும் ஆபத்து உண்டு. 2020 ஜனவரி 8-ந் தேதி களியக்காவிளைச் சாவடியில் காவலுக்கு இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டரைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 நவம்பரில் ஆடு திருடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனவர்களைத் துரத்திப் பிடித்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரைப் புதுக்கோட்டைச் சீமையில் வெட்டிக் கொன்றார்கள். இருட்டில் ஒரு வண்டியை நிறுத்துகிறவர் மனத்தில் இந்தப் பயம் இருக்கும். நாம் நின்று, விளக்கைத் தணித்து, கை தெரிய இருந்தால் அவர் பயம் பாதி தணியும். அவர் பயம் தணிந்தால் நம் ஆபத்தும் தணியும்.

நாம் செய்த தவறு

மற்றவர்களுக்குப் புத்தி சொல்லுமுன் நம் கதையைச் சொல்லிவிடுகிறோம். பல வருஷங்களுக்கு முன், வேறொரு ஊரில், ஆலையில் காண்டிராக்ட் வேலை பார்த்த ஒரு பையனை நிறுத்தினார்கள். லைசென்ஸ் இல்லை. எதிர்த்துப் பேசினான் என்று ஒரு கான்ஸ்டபிள் கன்னத்தில் அறைந்துவிட்டார். செய்தி வந்தது. நாங்கள் ஆறு பேர் ஓடினோம். கான்ஸ்டபிளைச் சுற்றி நின்று கோஷம் போட்டோம். கூட்டத்தில் யாரோ அவர் தடியைப் பிடுங்கி எறிந்தார்கள். பெரிய வெற்றி என்று நினைத்தோம்.

பொழுது விடிந்தபோது அறைந்த விஷயம் காணாமல் போயிருந்தது. சர்க்கார் ஊழியரை வேலை செய்யவிடாமல் தாக்கினார்கள் என்ற கேஸ் மட்டும் இருந்தது. ஸ்டேஷனிலேயே ஜாமீன் தர முடியாத பிரிவு அது. பழைய பீனல் கோடில் 353. 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதுச் சட்டத்தில் 132. பையன் பதினைந்து நாள் சிறையில் இருந்தான். வெளியே வந்தபோது ஆலையில் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள். அவனுடைய தாய் நம்மிடம் ஒன்றுதான் சொன்னார்:

"தம்பி, நீங்க சத்தம் போட்டீங்க. எம்புள்ள உள்ளே போனான்."

அந்தச் சொல் இன்றும் காதில் இருக்கிறது. அறை வாங்கிய பையனுக்கு நியாயம் கேட்க வேண்டியது நம் கடமைதான். ஆனால் கேட்ட இடம் தப்பு, கேட்ட விதம் தப்பு. கையெழுத்தோடு புகார் எழுத வேண்டிய கைகளால் தடியைப் பிடுங்கினோம்.

ஆகவே என்ன செய்வது?

ஒன்று: சீருடையில் இருக்கிற போலீஸ்காரர் நிறுத்தினால் நில்லுங்கள். அது சட்டம். லைசென்ஸ் கேட்க அவருக்கு உரிமை உண்டு. காட்ட வேண்டியது நம் பொறுப்பு. காகிதம் கையில் இல்லாவிட்டால் செல்போனில் டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். ஓடாதீர்கள். ஓடினால் துரத்துவார், துரத்தினால் யார் விழுவார் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு: ஹெல்மெட் போடுங்கள். 2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் அதற்கு அபராதம் 1,000 ரூபாய். நம்மில் பலருக்கு இரண்டு மூன்று நாள் கூலி. லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000. குடித்து ஓட்டினால் 10,000. ஹெல்மெட் போலீஸுக்காக அல்ல, மண்டைக்காக.

மூன்று: மரியாதையாகப் பேசுங்கள், மரியாதையாகப் பேசும்படி கேளுங்கள். "ஸார், என்ன குற்றம் என்று சொல்லுங்கள், அபராதம் போடுங்கள், ரசீது கொடுங்கள்." இந்த மூன்று வாக்கியம் போதும். ரசீது இல்லாமல் ஐம்பது ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வாங்குவது மட்டுமல்ல, 2018-லிருந்து லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தி வாங்கினால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் கொடுத்தவர் தப்பலாம். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு எழுத்து மூலம் அத்தாட்சி தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

நான்கு: அடித்தால் திருப்பி அடிக்காதீர்கள். தடியையும் தொடாதீர்கள். பெயர்ப் பட்டையைப் பாருங்கள். இடம், நேரம், வண்டி நம்பர் மனத்தில் குறியுங்கள். பார்த்தவர்கள் எட்ட நின்று செல்போனில் படம் எடுங்கள். சேலத்தில் உண்மையைக் காப்பாற்றியது அதுதான். நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படிப் பட்ட காயம் என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். கீழே விழுந்தேன் என்று பயத்தில் சொல்லாதீர்கள்.

ஐந்து: கைது செய்தால் காரணத்தைக் கேளுங்கள். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும் என்று 1996-ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்து சொல்கிறது. அங்கே மாஜிஸ்திரேட் கேட்காவிட்டாலும் அடித்ததைச் சொல்லுங்கள்.

ஆறு: எஸ்.பி.க்கு எழுதுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் எழுதுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையா? இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டம் போட்டிருக்கிற பட்டியலில் பெண்கள் இருக்கிறார்கள், ஷெட்யூல்டு ஜாதியினர் இருக்கிறார்கள், ஆலைத் தொழிலாளியும் இருக்கிறார். இந்த மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் அநேகமாக எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு!

நாம் கேட்பது

தனி மனிதன் பொறுமையாக இருந்தால் மட்டும் போதாது. சர்க்காரிடம் கேட்க வேண்டியதும் உண்டு. போலீஸார் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி அதற்குத் தலைமை தாங்க வேண்டும் என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2013-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டமோ உள்துறைச் செயலாளரையும் கலெக்டரையும் அந்த நாற்காலிகளில் உட்கார வைத்தது. போலீஸ் இலாகாவை நடத்துகிறவரிடமே போலீஸைப் பற்றிப் புகார் சொல்வதா? நீதிபதியை வையுங்கள் என்கிறோம். சாவடிகளில் காமிராவும் விளக்கும் வையுங்கள் என்கிறோம். கான்ஸ்டபிளிடம் எண்ணிக்கை கேட்காதீர்கள். ஓய்வு கொடுங்கள் என்கிறோம்.

நாற்று நடப் போகும் பெண்களைச் சரக்கு லாரியில் ஏறினார்கள் என்று நடுவழியில் இறக்கிவிட்டால் அன்றைய கூலி போயிற்று. அது ஆபத்தான பயணம்தான், நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் காலை ஐந்து மணிக்கு அந்தக் கிராமத்துக்கு ஒரு பஸ் விட்டால் அவர்கள் ஏன் லாரியில் ஏறப்போகிறார்கள்?

தோழர்களே! இன்று இரவு இந்தக் கூட்டம் கலைந்து நீங்கள் வீடு திரும்பும்போதுகூட அந்தக் கை நீளலாம். நில்லுங்கள். காகிதத்தைக் காட்டுங்கள். குற்றம் இருந்தால் அபராதம் கட்டுங்கள். அநியாயம் நடந்தால் பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, காலையில் சங்கத்துக்கு வாருங்கள். பேனா எடுத்து எழுத நாங்கள் இருக்கிறோம். நூறு பேர் கையெழுத்துப் போட நீங்கள் இருக்கிறீர்கள்.

அந்தத் தாய்க்கு அன்று நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. இனி எந்தத் தாயும் நம்மிடம் அப்படிச் சொல்ல வேண்டியதில்லாமல் நடந்துகொள்வோம்.