எழுத்துரு மாறலாம், எழுத்து மாறலாமா?



"ஒரு பக்கத்தில் நாலு வரிக்கு மட்டும் எழுத்துருவை மாற்றுவது வெறும் அலங்காரம். இதற்கு ஒரு விவாதமா?" என்று எதிரணி நண்பர் கேட்டார். கைதட்டலும் வாங்கினார். அது அலங்காரமா, அவசியமா என்பதை இந்தப் பினாங்கிலேயே பார்த்துவிடலாம்.

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஓர் அச்சகம். அங்கே ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 'முருகன் துணை' தமிழில். மணமக்கள் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும். மண்டபத்து முகவரி மலாயில். ஒரே அட்டையில் மூன்று மொழி, இரண்டு லிபி! வரிக்கு வரி எழுத்துருவை மாற்றாமல் இந்தப் பத்திரிகையை அச்சடிக்க முடியுமா?

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. தமிழில் அச்சான பழைய நூல்களில் ஒன்று, 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. பதினாறே பக்கம். அந்தச் சின்னப் புத்தகத்திலேயே கோவாவில் வார்த்த எழுத்தையும் கொல்லத்தில் வார்த்த எழுத்தையும் காட்டியிருக்கிறார்கள். பிறகு தரங்கம்பாடிக்கு வாருங்கள். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து கப்பலில் வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. காகிதமோ பஞ்சம். அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715-இல் முடிந்த புதிய ஏற்பாட்டின் பிற்பகுதியை அவற்றால் அடித்தார்கள். நூல் ஒன்று, எழுத்து இரண்டு. அதை அலங்காரம் என்று எதிரணி சொல்லுமா?

ஈய எழுத்துக் காலத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எந்த எழுத்துருவில் கோத்தாலும் 'அம்மா' அம்மாவாகவே இருந்தாள். கணினி வந்தபோதுதான் வினை வந்தது.

ஆரம்பகாலத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'எம்' இருக்கும் இடத்தில் 'அ', 'கே' இடத்தில் 'ம', அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி, 'எச்' இடத்தில் துணைக்கால். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து 'டைம்ஸ் நியூ ரோமன்' என்று மாற்றினால் என்ன ஆகும்? 'அம்மா' இருந்த இடத்தில் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' நிற்கும். அம்மா எங்கே போனாள்? சட்டையைத்தான் மாற்றினோம், ஆளே மாறிவிட்டார்!

இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாது, நேயர்களே. சங்கத்துக் கூட்டக் குறிப்பு, கோயில் மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ் என்று அந்த முறையில் தட்டெழுதி வைத்தவை எத்தனை அலமாரிகளில் கிடக்கின்றன? அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மலாய்ப் பகுதி நன்றாக இருக்கும், ஆங்கிலப் பகுதி நன்றாக இருக்கும். தமிழ்ப் பகுதி மட்டும் குப்பையாகக் கிடக்கும். நன்கொடை கொடுத்த தாத்தாவின் பெயரும் அந்தக் குப்பைக்குள்தான்.

அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் உண்டே என்பார்கள். உண்மைதான். ஆனால் முழுப் பக்கத்தையும் அள்ளி மாற்றியில் போட்டால், மலாய்ச் சொற்களும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். எது தமிழ், எது மலாய் என்று காட்டும் ஒரே எல்லைக்கோடு அந்த எழுத்துரு மாற்றம்தான். அலங்காரம் என்று அதை அழித்தவர் அந்த எல்லையையும் அழித்துவிட்டார். ஆகவே பழைய கோப்பு கிடைத்தால், எழுத்துருவைத் தொடுமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். தமிழ்ப் பகுதிகளை மட்டும் மாற்றியில் இட்டு, அச்சுப் பிரதியோடு ஒப்பிடுங்கள்.

யூனிகோடில் இந்தச் சிக்கல் தீர்ந்தது. அங்கே 'க' என்றால் 2965 என்ற எண். உலகின் எந்தக் கணினியிலும் அதுதான். எண் எழுத்தைச் சொல்கிறது. எழுத்துரு அதன் தோற்றத்தை மட்டும் தருகிறது. இந்த மண்ணுக்கு இதில் பெருமையும் உண்டு. 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் மலேசியர். ஆப்பிள் மேக் கணினிகளில் வரும் 'இணைமதி' எழுத்துருவும் அவர் கைவண்ணமே.

எழுத்தையும் தோற்றத்தையும் பிரித்ததால் என்ன லாபம்? 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது; மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் ஏற்றன. யானைத் தும்பிக்கை போல் வளைந்த பழைய 'லை', 'ணை' விடைபெற்றன. இன்று பள்ளி ஆண்டிதழில் ஒரு பத்தியை மட்டும் அந்தக் கால வடிவில் காட்ட விரும்பினால், பழைய வடிவம் கொண்ட யூனிகோடு எழுத்துரு ஒன்றை அந்தப் பத்திக்குக் கொடுத்தால் போதும். தோற்றம் பழையது, உள்ளே எழுத்து அதேதான். தேடினாலும் கிடைக்கும்.

இன்றைய அச்சு வேலைக்கும் மூன்று சொல். ஒன்று: யூனிகோடு தமிழ் வரிக்கு, தமிழ் எழுத்து இல்லாத ஆங்கில எழுத்துருவைக் கொடுத்தால், கணினி லதா, நிர்மலா என்று தன்னிடம் இருப்பதை எடுத்துப் போடும். இன்னொரு கணினியில் வேறொன்று வரும். வரிகள் இடம் மாறும். ஆகவே தமிழுக்குத் தமிழ் எழுத்துருவையே பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். இரண்டு: ஒவ்வொரு வரியாக மாற்றாமல், தமிழுக்கு ஒன்று, மலாய்க்கு ஒன்று எனப் பாணிகளை அமைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். மூன்று: அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துருவை உள்ளே பொதித்த பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள்.

நடுவர் அவர்களே! கல்யாண வீட்டில் பட்டு உடுத்தலாம், கோயிலில் வேட்டி கட்டலாம், வேலையில் சீருடை போடலாம். இடத்துக்கு இடம் உடை மாறுவது அவசியம். ஆனால் உடை மாற்றிய பிள்ளையைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் போனால்? அந்த நிலை தமிழ் எழுத்துக்கு இனி வேண்டாம்.