நிழலில் வளரும் சிறு பாம் செடி

(மாதர் சங்கக் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



பலா நிழலில் ஒன்றும் விளையாது என்று நம்மிற் பலர் சொல்வதுண்டு. அங்கே கத்தரி நட்டாற் காய்ப்பதில்லை. மிளகாய் நட்டால் நெடுத்து வளர்ந்து பூவாமற் போகின்றது. ஆகவே வீட்டின் பின்புறத்து நிழல் நிலம் குப்பை கொட்டும் இடமாகவே கிடந்துவிடுகின்றது. அவ்வாறான இடத்தையே விரும்பி வளர்ந்து, காலப்போக்கிற் சிறு வருமானமும் தரத்தக்க ஓர் அலங்காரச் செடியைப் பற்றி இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

பேராதனைப் பூங்காவுக்குச் சென்றவர்கள் அங்கு வரிசையாக வானளாவி நிற்கும் பாம் மரங்களைக் கண்டிருப்பீர்கள். தென்னை, பனை, கமுகு, கித்துள் ஆகிய யாவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அக்குடும்பத்திற் பிறந்த குள்ளச் செடியே நாம் பேசப்போவது. பூச்செடி விற்பவர்கள் இதனைப் ‘பார்லர் பாம்’ என்பர். இதன் தாவரவியற் பெயர் கமெடோரியா எலிகன்ஸ். இப்பெயரை 1830 ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஜேர்மன் தாவரவியலறிஞர் மார்ட்டியுஸ் ஆவார். கமெடோரியா என்னும் சொல் கிரேக்க மொழியில் நிலத்தருகே கிடைக்கும் கொடை என்று பொருள்படும்.

செடியின் இயல்பு

இதன் தாயகம் மெக்சிக்கோவின் தென்பகுதியும், அதனையடுத்த குவாத்தமாலா, பெலீஸ் ஆகிய நாடுகளுமாகும். அங்கு பெருமரங்களின் கீழே, காட்டின் தரையோரத்தில் இது வளர்கின்றது. அவ்விடத்தில் உச்சி வெயில் நேரே படுவதில்லை. மழை மிகுதியாயினும் வேரடியில் நீர் தேங்குவதில்லை. உதிர்ந்த இலை மக்கி நிலத்தை மூடியிருக்கும். இம்மூன்றையும் நாம் அமைத்துக் கொடுத்தால் செடி செழிக்கும். ஒன்று தவறினும் வாடும். இன்றைய பேச்சின் சாரம் இதுவே.

இச்செடி பொதுவாக ஆறடிக்கு மேல் அதிகம் உயராது. தண்டு விரற் பருமனுடையது. மூங்கில் போலக் கணுக்கள் தெரியும். ஒரு விதையிலிருந்து ஒரு தண்டே வரும். வாழையைப் போலப் பக்கக் கன்று வைப்பதில்லை. கடைகளிற் சாடி நிறையப் புதராகக் காண்பது ஒரே செடியன்று. பல நாற்றுகளைச் சேர்த்து நட்டதாகும். இதனை அறியாத சிலர், ஒரு சாடியை வாங்கி அதனைப் பத்தாகப் பிரித்து நட முயல்கின்றனர். பின்னிய வேர்கள் அறுந்து, பத்திற் பெரும்பாலானவை பட்டுப்போகின்றன. அவ்வாறே நுனியை வெட்டினாற் கிளைக்கும் என்றெண்ணி வெட்டுவோரும் உளர். தென்னையின் குருத்தை வெட்டினால் என்னவாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இதற்கும் அதே கதிதான்.

நிழல்

நான் பார்வையிடச் செல்லும் வீடுகளில், அழகுக்கெனச் செடியை முற்றத்து வாசற்படியில் வைத்திருப்பதைக் காண்கின்றேன். இரண்டு கிழமைக்குள் இலைகள் மஞ்சளாகி, பின் வெளிறிக் கருகுகின்றன. உடனே பசளை போதாது என்றெண்ணி மேலும் பசளை இடுகின்றனர். நோய் ஒன்று, மருந்து வேறொன்று. அச்செடிக்கு வேண்டியது பசளையன்று, நிழலே.

எவ்வளவு நிழல் என்பதை அறிய ஓர் எளிய வழியுண்டு. நண்பகலிற் செடி வைக்கும் இடத்துக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் வெயில் அதிகம். நிழல் மங்கலாக விழுந்தால் அதுவே தக்க இடம். நிழலே தெரியாவிடின் இருள் மிகுதி. செடி சாகாது, ஆயின் வளராது. பலா, தென்னை, மிளகு ஏறிய மரங்கள் ஆகியவற்றின் கீழ் இத்தகைய இடம் கிடைக்கும். மரமில்லாதோர் பந்தலிட்டு, கிடுகை இடைவெளி விட்டு வேய்ந்து கொள்ளலாம். நிழல் வலையும் பயன்படுத்தலாம். கண்டி, மாத்தளை போன்ற இடங்களின் வெப்பநிலை இதற்கு நன்கு ஏற்றது. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் உறைபனி விழுவதுண்டாதலின், அங்கு வெளியில் வைத்தலாகாது.

விதையும் நாற்றும்

இச்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரே செடியை வைத்துக்கொண்டு விதைக்காகக் காத்திருப்பது வீண். பூக்கள் சிறியவை, மஞ்சள் நிறமானவை. ஆண் பூங்கொத்திற் பூக்கள் நெருக்கமாக இருக்கும். ஒரு காகிதத்தின் மேல் தட்டினால் மகரந்தம் உதிரும். அதனை மெல்லிய தூரிகையாலெடுத்துப் பெண் பூக்களின் மீது தடவினால் காய் பிடிக்கும். காய் முற்றும்போது காம்பு செம்மஞ்சளாகவும், பயறு அளவான பழம் கருமையாகவும் மாறும்.

பழத்தின் சதை தோலில் அரிப்பை உண்டாக்கும். ஆகவே கையுறையணிந்தோ, கையிற் பொலித்தீன் பையைச் சுற்றியோ பிசைந்து, சதையை முற்றாகக் கழுவி நீக்குக. சிறுபிள்ளைகள் வாயிலிட விடாதீர்கள். கழுவிய விதையை இரண்டு நாள் நீரில் ஊறவிட்டு, நீரைத் தினமும் மாற்றுக. நெல்லைப் போலக் காயவைத்துச் சேமித்தலாகாது; உலர்ந்த விதை முளைப்பதில்லை. புதிய விதையை உடனே இடுவதே முறை.

ஆற்று மணலும் தும்புத்தூளும் சம அளவிற் கலந்து, அரை அங்குல ஆழத்தில் விதையை இடுக. ஈரச் சாக்கினால் மூடி, நிழலில் வைத்து, காயாமற் பார்த்துக்கொள்க. இங்கேதான் பொறுமை வேண்டும். சில விதைகள் இரண்டு மாதத்தில் முளைக்கும். சில ஆறு மாதமும் அதற்கு மேலும் எடுக்கும். முளைக்கவில்லையென்று மண்ணைக் கிளறிப் பார்ப்பதால் முளைத்துக்கொண்டிருக்கும் விதையும் கெடும்.

நாற்று இரண்டு இலை விட்டதும், ஐந்து நாற்றுகளை ஒரு பையில் நடலாம். பைக்கு இலைமக்கு இரண்டு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்ற கலவை போதுமானது. முன்பிருந்த ஆழத்துக்கு மேல் புதைத்தலாகாது. பையின் அடியிலே துளைகள் இருத்தல் அவசியம்.

நீரும் பசளையும்

விரலை ஓரங்குலம் மண்ணிற் செலுத்திப் பாருங்கள். ஈரமிருந்தால் அன்று நீர் வேண்டியதில்லை. வெயில் கொன்ற செடிகளுக்கு அடுத்தபடியாக, அதிக நீரே இச்செடிகளைக் கொல்கின்றது. மழைக்காலத்திற் பைகளைச் செங்கல் மீது உயர்த்தி வைத்தால் நீர் வடியும். வடபகுதியிலுள்ள உறவினருக்குச் செடி கொடுப்பீர்களாயின், உவர்க் கிணற்று நீர் ஊற்றினால் இலை நுனி கருகும் என்பதையும், மழை நீரைச் சேர்த்து ஊற்றுவது நன்று என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

மெதுவாக வளரும் செடிக்குச் சிறிதளவு பசளையே போதும். நன்கு மக்கிய மாட்டெரு ஒரு பிடி, மூன்று மாதத்துக்கொரு முறை இட்டாற் போதுமானது. பச்சைக் கோழியெரு வேரைச் சுட்டுவிடும்.

பீடைகள்

வரண்ட மாதங்களில் இலையின் அடிப்புறத்தைக் கவனியுங்கள். வெளிறிய புள்ளிகளும் நுண்ணிய வலையும் காணப்பட்டாற் சிற்றுண்ணி பிடித்துள்ளது. நீரை வேகமாகத் தெளித்துக் கழுவினாற் குறையும். தண்டில் ஒட்டியிருக்கும் செதிற் பூச்சியையும் பஞ்சு போன்ற மாப்பூச்சியையும் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, பின் நன்னீரால் கழுவுக. குருத்தை இழுத்தவுடன் கையோடு வருமாயின் அச்செடி அழுகிவிட்டது. அதனையும் அதன் மண்ணையும் அகற்றிவிடுக. அம்மண்ணை வேறு பைக்கு இடாதீர்கள்.

வருமானமும் எச்சரிக்கையும்

விதையிட்டு விற்கும் நிலைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். ஆகவே கடன் பட்டு இதனைத் தொடங்க வேண்டாம். வேறு வருமானத்தை விட்டுவிட்டு இதனை நம்பவும் வேண்டாம். முதலில் 20 பைகளோடு தொடங்குங்கள். பைக்கு ஐந்தாக 100 நாற்று வேண்டும்; முளையாதவற்றையும் கருதி 150 விதை இடுங்கள். அவை நன்கு வந்தபின், அருகிலுள்ள பூச்செடிக் கடைகளில் விலையும் தேவையும் விசாரித்து, அதன் பின்னரே பெருக்குங்கள்.

இன்னொரு விடயம். இச்செடியின் தாயகத்தில் இதன் இலையை ‘ஷாத்தே’ என்பர். பூ அலங்காரத்துக்காக அவ்விலை காட்டில் வெட்டப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்படுகின்றது. அளவு மீறி வெட்டிய இடங்களிற் செடிகள் அருகின. பின்னர் அங்குள்ள கிராமத்தவர் சிலர் காட்டு நிழலில் தாமே விதையிட்டு வளர்க்கத் தொடங்கினர். நமது தென்மேற்கு மழைக்காடுகளிலும் இத்தகைய ஒரு சிறு கமுகு உண்டு. சிங்களத்தில் ‘லென்தெரி’ எனப்படும் அதனை, பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் 1864 இல் விபரித்தார். இலங்கையிலன்றி வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. இப்போது அருகியும் வருகின்றது. அழகாயிருக்கின்றதென்று எவரேனும் காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்பாராயின் வாங்காதீர்கள். ஒதுக்கக் காட்டிற் செடி பிடுங்குவது குற்றம். அவ்வாறு பிடுங்கிய செடி பெரும்பாலும் பிழைப்பதுமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் விதை கொண்டுவரச் சொல்வதும் தகாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு அனுமதி பெறுதல் வேண்டும் என்கின்றது. ஒரு விதையோடு வரும் நோய் ஊர்த் தென்னைக்கும் கமுகுக்கும் பரவக்கூடும்.

இக்கிழமையே நீங்கள் செய்யக்கூடியவை மூன்று. நண்பகலிற் கையை நீட்டி உங்கள் காணியில் தக்க நிழல் எங்குள்ளது எனப் பாருங்கள். பலாவின் கீழுள்ள சருகை எரிக்காது குவித்து மக்கவிடுங்கள். உங்களிற் யாரிடமேனும் பூத்த செடியிருந்தால், அது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சங்கத்தில் அறிவியுங்கள். ஒருவர் வீட்டில் ஆணும் மற்றொருவர் வீட்டிற் பெண்ணும் இருக்குமாயின், விதைக்கு நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஐயமேதும் இருப்பின் விவசாயப் போதனாசிரியரின் அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள். வாடிய இலையொன்றையும் கையோடு கொண்டு வாருங்கள்.