‘ரேம்ப் இருக்கு சார்’னு சொன்னா போதுமா?

லாங் வீக்கெண்ட் வந்தாலே ‘கொடைக்கானல் போலாமா’னு வாட்ஸ்அப் குரூப்ல பேச்சு ஆரம்பிச்சிடும். அந்த குரூப்ல ஒருத்தர் வீல்சேர்ல இருக்கிறவரா இருந்தா, முதல் கவலை ரூம்தான். போன் பண்ணிக் கேட்டா, ‘ரேம்ப் இருக்கு சார், வாங்க’ன்னு சொல்லுவாங்க. சரி, ரேம்ப் ரிசப்ஷன் வரைக்கும் கொண்டுபோய் விடும். அதுக்கப்புறம்?

சிக்கல் பாத்ரூம் கதவுல இருக்கு. நம்ம ஊர்ல பாத்ரூமுக்கு இரண்டரை அடி கதவு போடுறதுதான் வழக்கம். நிலையும் கதவோட தடிமனும் போக, மிஞ்சுறது 25, 26 அங்குலம். பெரியவங்க உட்கார்ற பல வீல்சேர்களோட அகலமும் அதுதான். போதாததுக்கு, தண்ணி வெளிய வராம இருக்க வாசல்ல ஒரு சின்னத் தடுப்பு வேற. அப்போ நண்பர்கள்தான் தூக்கணும். அந்தக் கூச்சத்துக்கு பயந்து ரெண்டு நாளும் தண்ணியே சரியா குடிக்காம ஓட்டுறவங்க இருக்காங்க. முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவங்களுக்கு சிறுநீர்த் தொற்று சுலபமா வரும். அதனால இது வெறும் சங்கடத்தோட முடியுற விஷயம் இல்லை.

உள்ள போயாச்சுன்னே வைங்க. வீல்சேர் திரும்ப அஞ்சடி இடம் வேணும். கம்மோடும் வீல்சேர் சீட்டும் ஏறக்குறைய ஒரே உயரத்துல இருக்கணும், அதாவது 18, 19 அங்குலம். பிடிச்சுக்க சுவர்ல கம்பி வேணும். துண்டு போடுற கம்பியைக் காட்டி ‘இதோ இருக்கே’ம்பாங்க! ஆள் எடையைப் போட்டா அது கையோட வந்துடும். காது கேளாதவங்களுக்குத் தேவை வேற: தீ அலாரம் அடிச்சா கூடவே லைட்டும் மின்னணும்.

ஸ்டார் ஹோட்டல்னா ஒரு ரூமாவது இப்படி இருக்கணும், கதவு ஒரு மீட்டர் அகலம் இருக்கணும்னு மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட விதிமுறை சொல்லுது. ஆனா ஸ்டார் வாங்குறது அவங்கவங்க விருப்பம். சின்ன லாட்ஜ், ஹோம்ஸ்டே எல்லாம் அந்தப் பக்கமே போறதில்லை.

அதுக்காக அவங்களுக்குச் சட்டம் இல்லைன்னு நினைக்காதீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல, மக்கள் வந்துபோற தனியார் கட்டடமும் பொதுக் கட்டடம்தான். பழைய கட்டடங்களை மாத்தக் கொடுத்த அஞ்சு வருஷக் கெடு 2022-லயே முடிஞ்சுது. ராஜீவ் ரதூரி வழக்குல உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர்ல, விதிகள் வெறும் பரிந்துரையா இருக்கக் கூடாது, கட்டாயமா இருக்கணும்னு சொல்லிடுச்சு. அந்த வழக்கைப் போட்டவர் பார்வைக் குறைபாடு உள்ளவர். வழக்கு ஆரம்பிச்சது 2005-ல. கணக்குப் போட்டுப் பாருங்க.

கொடைக்கானல்ல கேட்டா, ‘மலைச்சரிவு, படி இல்லாம எப்படிக் கட்டுறது’ம்பாங்க. அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. மூணு படி, ஒன்றரை அடி உயரம்னாலே, ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்குல 18 அடி ரேம்ப் வேணும். ஆனா பழனி மலை அடிவாரத்துல இருக்கிற கன்னிவாடி மாதிரி ஊர்ல அந்தச் சாக்கு செல்லாது. சமதளமா நிலம் இருக்கு. அங்க இன்னிக்கு ஒருத்தர் நாலு ரூம் கட்ட அஸ்திவாரம் போடுறார்னா, ஒரு கதவை மூணடி ஆக்க பெருசா என்ன செலவு? கட்டி முடிச்சு டைல்ஸ் ஒட்டின பிறகு உடைச்சாதான் செலவு.

அடுத்த தடவை ரூம் போடும்போது ‘வசதி இருக்கா’ன்னு கேட்காதீங்க. பாத்ரூம் வாசல்ல டேப்பை வச்சு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க.