கோலாலம்பூரும் சென்னையும்: தூரமும் நேரமும்

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்? சீட்டைப் பார்த்தால் காலை 10.00 மணிக்குப் புறப்பாடு, 11.30க்குச் சேர்வு என்பதுபோல் போட்டிருக்கும். "ஒன்றரை மணி நேரந்தானா, வாத்தியாரய்யா?" என்று நமது தோட்டத்தில் கேட்பார்கள். அப்படியன்று.

இரு நகரங்களுக்கும் இடையே ஆகாய வழியில் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர்போல் பறக்கும். வகுத்தால் மூன்று மணிக்குச் சற்று மேல். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையும். ஓடுபாதையில் ஊர்ந்து போகவும் நேரம் பிடிக்கும். ஆகவே நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ரஜூலா கப்பலில் வந்த நம் பெரியவர்கள் ஒரு வாரம்போல் கடலில் கிடந்த தூரம் இது!

அப்படியானால் இரண்டரை மணி நேரம் எங்கே போயிற்று? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கே இருக்கும் நமக்குச் சூரியன் முந்தி உதிக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இரு நகரங்களுக்கும் இடையே 21 பாகைக்குச் சற்று மேல். சூரியக் கணக்குப்படி ஒன்றரை மணிகூட வராது. ஆனால் நமது கடிகாரம் சூரியனை முந்தி ஓடுகிறது. நாம் பெரட்டுக்குக் கூடும் வேளையில் இருட்டாக இருப்பதும் அதனால்தான். 1982 ஜனவரி 1 முதல், சபா சரவாக்குடன் ஒரே நேரமாக இருக்கும்பொருட்டு, தீபகற்பத்தின் கடிகாரம் இன்னும் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதுவரை இந்தியாவோடு 2 மணி வித்தியாசம், பிறகு இரண்டரை.

இந்த இரண்டரை மணி நேரத்தால் மனம் நொந்தவர் ஒருவரை நாம் அறிவோம். மரம் வெட்டுபவர். அவருடைய அக்காளை வந்தவாசிப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்காள் இறந்த செய்தி இரவில் வந்தது. ஊருக்குப் போவதற்கென்று விசா எடுத்து வைத்திருந்த சமயம். மறுநாள் காலை விமானத்துக்கே சீட்டும் கிடைத்தது. "பத்து மணிக்கு ஏறுகிறேன், நாலு மணி நேரம், இரண்டு மணிக்குச் சென்னையில் இருப்பேன்" என்று தொலைபேசியில் சொன்னார். அங்கே கணக்குப் போட்டார்கள்: வெளியே வர ஒரு மணி, சாலையில் மூன்று மணி, ஆறு மணியாகிவிடும், பொழுது சாய்ந்துவிடும். காத்திருக்காமல் எடுத்துவிட்டார்கள். அவரோ மூன்றரைக்கே போய் நின்றார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை பையிலேயே இருந்தது.

பத்தோடு நான்கைக் கூட்டியது சரிதான். இரண்டு மணி என்பது மலேசிய நேரம் என்பதைத்தான் மறந்துவிட்டார். ஊருக்குச் சொல்லும்போது சீட்டில் உள்ள சேரும் நேரத்தை அப்படியே சொல்ல வேண்டும். அது அந்த ஊர்க் கடிகாரப்படி அச்சிட்டது.

திரும்பும்போது கணக்கு மறுபக்கம் சாயும். வெள்ளிக்கிழமை இரவு 11.30க்குச் சென்னையில் ஏறுகிறவர், நான்கு மணி நேரம் பறந்து, சனிக்கிழமை காலை 6.00 மணிக்கு இங்கே இறங்குவார். அழைத்துவர வண்டி பேசுகிறவர்கள் சனிக்கிழமை என்றே சொல்லி வையுங்கள்.