சொந்த இணையத்தளமும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் ஆரம்பாக்கத்தைக் கடந்தால் தமிழ்நாட்டின் எல்லை முடிந்து நம் தடா வருகிறது. இங்கு நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் தெலுங்கு எழுத்தைக் கற்கிறார்கள். அவர்கள் தமிழில் எழுதவும் படிக்கவும் ஓர் இடம் வேண்டும். நம் சங்கத்திற்கென ஓர் இணையத்தளம் இருப்பின் அஃது அவ்விடமாகும் என்று கருதுகிறோம்.

இலவச இடம் போதாதா என்று அன்பர்கள் வினவலாம். ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடத்தில் உலகெங்கும் எண்ணற்றோர் தம் பக்கங்களை அமைத்திருந்தனர். 2009 அக்டோபரில், ஜப்பான் நீங்கலாக, யாஹூ நிறுவனம் அதனை மூடிவிட்டது. இரவல் இடத்தின் இயல்பு அது. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் மென்பொருளோ விலையின்றிக் கிடைப்பது. வாடகைக்கு எடுத்த வழங்கியில் அதனை நிறுவினால் எழுத்தும் அமைப்பும் நம் கையில் இருக்கும். பழுது நீக்குவதும் நம் பொறுப்பாகும்.

முதலாவது, அணிசெய்தல். வார்ப்புருவின் மூலக் கோப்புகளிலேயே வண்ணத்தையும் எழுத்துருவையும் மாற்றினால், அடுத்த புதுப்பித்தலில் அவை அழிந்துபோகும். குடியிருப்புச் சுவரில் நாம் தீட்டிய சித்திரம் வெள்ளையடிக்கும்போது மறைவதைப் போன்றது இது. ஆதலின் சேய் வார்ப்புரு ஒன்றை அமைத்து, மாற்றங்களை அதில் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, பழுதறிதல். தளம் திடீரென வெற்றுப் பக்கமாகத் தோன்றினால் அஞ்ச வேண்டுவதில்லை. பெரும்பாலும் செருகி ஒன்றே காரணமாக இருக்கும். வழங்கியில் செருகிகளின் கோப்புறைக்கு வேறு பெயர் இட்டு, நிர்வாகப் பகுதியில் செருகிப் பட்டியலைத் திறந்தால் அனைத்தும் நின்றுவிடும். பின்னர்ப் பழைய பெயரையே இட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் பழுதுடையது அகப்படும்.

மூன்றாவது, தமிழெழுத்து. தரவுத்தளம் ஒருங்குறியை ஏற்காத அமைப்பில் இருந்தால், நம் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே பதிந்துவிடும். அவ்வாறு பதிந்தவற்றை மீட்க இயலாது. காப்புப் பிரதி ஒன்றே துணை. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகளையும் ஒருங்குறிக்கு மாற்றியே ஏற்றுதல் வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இவ்வழியையே கண்டது. 1999 முதல் திஸ்கி முறையில் நூல்களை வெளியிட்ட அன்பர்கள், 2004 முதல் ஒருங்குறிக்கு மாறினர். அத்தொண்டினால் அந்நூல்களை இன்று எக்கணினியிலும் படிக்க முடிகிறது.

இறுதியாக ஒன்று. இரயில்வே ஊழியருக்கு மாற்றல் இயல்பு. தளமுகவரியின் பதிவும் கடவுச்சொல்லும் ஒருவரிடமே இருந்தால், அவர் ஊர் மாறும் நாளில் சாவியும் உடன் போய்விடும். ஆண்டுக் கட்டணம் செலுத்த மறந்தால் முகவரியும் பிறர் கைக்குப் போகலாம். ஆதலின் பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். செயலாளருக்கும் பொருளாளருக்கும் தனித்தனி நிர்வாகக் கணக்கு இருக்கட்டும். திங்கள்தோறும் காப்புப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்போம்.

முதியோர் தம் நினைவுகளைச் சொல்லட்டும். இளைஞர் தட்டச்சு செய்யட்டும். நாம் மாற்றலாகிப் போனாலும் நம் எழுத்து இங்கே நிலைத்திருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!